மின்னல் படத்தில் விழவில்லை, ரேடாரில் மழை தெரியவில்லை: போனை வைத்து இடிமழையைத் தொடர்பவர்களுக்கு

ஏப்ரல் பிறந்துவிட்டால் மாலை நான்கு மணிக்கு மேல் என் போன் ஒலிக்கத் தொடங்கிவிடும். மதுரைக்கு அருகே வாடிப்பட்டிப் பக்கம் செங்கல் சூளை வைத்திருக்கும் நண்பர் பதறுவார்: "அண்ணே, ரேடாரில் ஒன்றுமே இல்லை. இங்கே தார்ப்பாய் பறக்கிறது. சுடாத பச்சைக் கல் அத்தனையும் கரைந்துவிடும்." அடுத்த அரை மணி நேரத்தில் கொச்சடையிலிருந்து அக்கா மகன்: "மாமா, இருபது நிமிடம் மாடியில் நின்றேன். ஒரு மின்னல்கூடப் படத்தில் விழவில்லை." ஆட்கள் மாறுவார்கள், போன்கள் மாறும், குறை மட்டும் மாறாது. ஆண்டுதோறும் இதே பத்துப் பன்னிரண்டு குறைகளைச் சரிசெய்து கொடுத்த பழக்கத்தில் எழுதுகிறேன். உங்கள் குறை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கிற காரணம் கடைசியில் வரும்.

முதலில்: நீங்கள் நிற்கும் இடம் சரியா?

இதை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது. மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும்வரை எத்தனை வினாடியோ அதை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். உடனே மாடியை விட்டு இறங்கிவிடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திரும்ப ஏற வேண்டாம்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஓரம், கண்மாய்க் கரை, ஒற்றைப் பனை, புளியமரத்தடி, யானைமலைப் பாறை ஆகிய எல்லாமே படத்துக்கு அருமையான இடங்கள். இடிமழை நேரத்தில் ஆளைக் கொல்லும் இடங்களும் அவைதான். வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக எடுக்கலாம். இரும்புக் கூரையுள்ள காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு எடுக்கலாம். ஆட்டோவும் இருசக்கர வாகனமும் பாதுகாப்பு ஆகாது. போன் மின்னலை இழுக்காது. ஆனால் சுவரில் சார்ஜரைச் செருகி, அந்தக் கம்பியோடு போனைப் பிடித்திருப்பது ஆபத்து. பவர் பேங்க்கில் அந்த ஆபத்து இல்லை.

யாரையாவது மின்னல் தாக்கிவிட்டால் அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. தயங்காமல் தொடலாம். 108-ஐ அழையுங்கள். மூச்சும் நாடியும் இல்லையென்றால் மார்பை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்குங்கள்.

மின்னல் கண்ணுக்குத் தெரிந்தது, படத்தில் வெறும் இருட்டு

என்னிடம் வரும் குறைகளில் பாதி இதுதான். முதல் கேள்வி: மின்னலைப் பார்த்த பிறகா பட்டனை அழுத்துகிறீர்கள்? ஒரு மின்னல் வெட்டு மொத்தமாகவே கால் வினாடி, அதிகம் போனால் அரை வினாடி இருக்கும். கண் பார்த்து, விரல் அசைந்து, போன் விழித்து ஷட்டரைத் திறப்பதற்குள் அது முடிந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போனாக இருந்தாலும் இந்த முறையில் பத்துக்கு ஒன்பது தவறிவிடும். மின்னல் வருவதற்கு முன்பே ஷட்டர் திறந்திருக்க வேண்டும்.

*பகலிலோ, இருட்டாத மாலையிலோ என்றால்* புகைப்படத்தை மறந்துவிட்டு வீடியோ எடுங்கள். 4கே, வினாடிக்கு 30 பிரேம் போதும். பிறகு மின்னல் வந்த இடத்தில் நிறுத்தி, பிரேம் பிரேமாக நகர்த்துங்கள். அக்கா மகனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்த அன்று ஒரே மின்னலில் எட்டு பிரேம் கிடைத்தது. முதல் பிரேமில் மேகத்தின் அடிவயிறு லேசாக ஊதா நிறம் பூண்டிருந்தது. இரண்டாவதில் நாகமலை முகட்டை நோக்கி ஒரு மெல்லிய கோடு. மூன்றாவதில் திரை முழுக்க வெள்ளை. நான்காவதில்தான் கிளைகளோடு முழு மின்னலும் நின்றது. கீழே பனைமரங்களின் நிழலுருவம்கூட ஒவ்வொன்றாக எண்ணும்படி இருந்தது. அவன் முதல் மூன்றைப் பார்த்துவிட்டு, விழவில்லை என்று வீடியோவை அழிக்கப் போயிருந்தான். ஆகவே, எதையும் அழிக்கும் முன் கடைசி பிரேம்வரை பாருங்கள். இடத்தையும் முன்பே காலி செய்து வையுங்கள். போனையும் அமைப்பையும் பொறுத்து 4கே வீடியோ நிமிடத்துக்கு 170 முதல் 350 எம்பி வரை விழுங்கும்.

*இரவு என்றால்* கேமராவில் எல்லாவற்றையும் கையால் அமைக்கவிடும் புரோ மோட் பக்கம் போங்கள். ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓ இருப்பதிலேயே குறைந்த எண், அதாவது 50 அல்லது 100. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஊருக்குள் 2 வினாடி, தெருவிளக்கு குறைந்த கிராமத்துப் பக்கம் 4 முதல் 8 வினாடி. ஃபோகஸைக் கையால் கடைசிவரை தள்ளி, மலை அடையாளம் உள்ள முனையில் வையுங்கள். போன் முக்காலியில் இருக்க வேண்டும். முக்காலி இல்லையென்றால் ஒரு செங்கல்லும் அதன்மேல் மடித்த துண்டும் போதும். கையால் அழுத்தினால் போன் அசையும். இரண்டு வினாடி டைமர் வையுங்கள், அல்லது கம்பியுள்ள இயர்போனின் ஒலி கூட்டும் பட்டனை அழுத்துங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது, அது முடிந்ததும் அடுத்தது என்று எடுத்துக்கொண்டே இருங்கள். அறுபது படத்தில் மூன்றில் மின்னல் இருந்தால் அது நல்ல இரவு.

*புரோ மோட் இல்லாத போன் என்றால்* கையால் ஷட்டரை அமைக்கவிடும் கேமரா செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளலாம். ஐபோன்களின் சொந்தக் கேமராவில் ஷட்டரைக் கையால் அமைக்கும் வசதி கிடையாது. அவர்களுக்கும் இதுதான் வழி. விலை குறைந்த சில போன்களில் வெளிச் செயலிக்கு நீண்ட ஷட்டர் கிடைக்காது. அப்போது வீடியோவோடு நின்றுகொள்ளுங்கள். இதற்காகப் புதுப் போன் வாங்கச் சொல்ல மாட்டேன்.

*எல்லாம் சரி, மின்னல் மட்டும் பேய்போல மங்கலாக இருக்கிறது என்றால்* நைட் மோடோ எச்டிஆரோ இயங்கிக்கொண்டிருக்கிறது. அவை பல படங்களை எடுத்து ஒன்றாகக் கலக்கும். ஒரே ஒரு படத்தில் இருக்கும் மின்னலை "மற்றவற்றில் இல்லையே" என்று கரைத்துவிடும். இரண்டையும் அணையுங்கள். போனின் தானியங்கி உதவிகள் எல்லாமே அசையாத காட்சிக்காகச் செய்யப்பட்டவை. இடிமழை வானத்தில் அவையே கெடுக்கின்றன.

படத்தின் ஒரு பட்டை மட்டும் பளிச்சென்று, மீதி இருட்டாக

போன் பழுதாகவில்லை. போனின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கிறது. பாதி வாசிக்கும்போது மின்னல் வந்தால் அந்தப் பாதிக்கு மட்டும் வெளிச்சம். வீடியோவில் இதைத் தவிர்க்க முடியாது. பக்கத்து பிரேமை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் நீண்ட ஷட்டருக்கு மாறினால் நின்றுவிடும். இதற்காக யாரிடமும் கேமராவை மாற்றக் கொடுக்க வேண்டாம்.

மின்னல் தடித்த வெள்ளைக் கோடாக, கிளை எதுவும் இல்லாமல்

மின்னல் பக்கத்தில் விழுந்திருக்கிறது. பெரிய கேமராவில் ஒளி புகும் துளையைச் சுருக்கலாம். பெரும்பாலான போன்களில் அது நிலையானது. ஐஎஸ்ஓவைக் கடைசிவரை இறக்குங்கள். அதன் பிறகும் வெள்ளையாகவே விழுந்தால் மின்னல் போன் தாங்கும் தூரத்துக்குள் வந்துவிட்டது. நீங்கள் தாங்கும் தூரத்துக்குள்ளும் வந்துவிட்டது. உள்ளே போங்கள். இருபது, முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், மேலூரைத் தாண்டியோ உசிலம்பட்டிப் பக்கமோ வெட்டும் மின்னல்தான் போனுக்கு நன்றாக விழும். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்து, அடிவானத்தில் ஒற்றை மேகம் மட்டும் உள்ளுக்குள் விளக்கேற்றியதுபோல் மின்னும் இரவுகள் செப்டம்பரில் வரும். அந்த இரவுகளைத் தவறவிடாதீர்கள்.

கன்னங்கரிய மேகம், படத்தில் வெளுத்த சாம்பல்

போன் இருட்டைக் கண்டால் வெளிச்சத்தைக் கூட்டும். மேகத்தின்மேல் விரலை வைத்து இரண்டு வினாடி அழுத்துங்கள். வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்து, கண்ணுக்குத் தெரிகிற கருமை வரும்வரை குறையுங்கள். கட்டடமும் மரமும் கறுத்துப்போனால் போகட்டும்.

மேகத்தின் அடியில் அலமாரித் தட்டுபோல் ஒரு விளிம்பு நீண்டு வருவதைப் பார்த்தால் அகலக் கேமராவுக்கு மாறி, கிடைமட்டமாகப் பிடித்து, அடிவானத்தைக் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். அந்த விளிம்புக்கு முன்னால் புழுதிக்காற்று ஓடி வருகிறது. ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். முக்காலியை விரிக்க நேரம் இருக்காது.

படம் மங்கல்

மங்கல் நான்கு வகை. பெரிதாக்கிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

விளக்குகளைச் சுற்றி எண்ணெய் பூசியதுபோல் ஒளிவட்டம், ஒரே திசையில் இழுத்த கீற்று: கண்ணாடியில் கைரேகை. பருத்தித் துணியால் துடையுங்கள். புழுதிக்காற்று அடித்த பிறகு மட்டும் முதலில் ஊதிவிட்டுத் துடைக்க வேண்டும். மணல் துகளோடு தேய்த்தால் கீறல் விழும்.

படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல்: ஏசி அறையிலிருந்து நேராக மாடிக்கு வந்திருக்கிறீர்கள், கண்ணாடியில் ஈரம் படிந்திருக்கிறது. பத்து நிமிடம் வெளியே வைத்தால் தானாகப் போய்விடும். ஒரு மணி நேரமாகியும் போகாமல், துடைத்தும் போகாமல் இருந்தால் ஈரம் கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது. அது பழுதுபார்ப்பவரின் வேலை.

விளக்குகள் எல்லாம் உருண்டையாக: ஃபோகஸ் பக்கத்தில் நிற்கிறது. மழைத்துளியையோ ஜன்னல் கம்பியையோ போன் பிடித்துக்கொண்டிருக்கும். தூரத்து விளக்கு ஒன்றைத் தொட்டுப் பூட்டுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக எடுப்பதானால் போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, அறை விளக்கை அணையுங்கள்.

விளக்குகள் புழுவைப்போல் நெளிந்து: கை நடுக்கம், அல்லது காற்று முக்காலியை அசைத்தது. முக்காலியின் நடுவில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

நான்கும் இல்லையென்றால் கேமராவின் மேல்கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை விரிசல் இருக்கலாம். பெரும்பாலான போன்களில் மேல்கண்ணாடியை மட்டும் தனியே மாற்ற முடியும். கேமரா முழுவதையும் மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் இன்னொரு கடையிலும் கேட்டுப் பாருங்கள். போனை ஆட்டினால் உள்ளே மெல்லக் கடகடக்கிறது, படம் தானாகத் துடிக்கிறது என்றால் நடுக்கம் தடுக்கும் பாகம் பழுதாகியிருக்கக்கூடும். இருசக்கர வாகனத்தின் ஹேண்டிலில் போனை மாட்டிக்கொண்டு மேகத்தைத் துரத்தியவர்களுக்கு இது வரும். அந்த அதிர்வு கேமராவுக்கு ஆகாது. துரத்துவதும் வேண்டாம்.

வானம் ஆரஞ்சு நிறமாக, அல்லது படத்தில் கிடைவரிகள்

ஆரஞ்சு நிறம் பழைய சோடியம் தெருவிளக்குகளின் வேலை. புரோ மோடில் வண்ண வெப்பநிலையை 4000 கெல்வின் அளவில் பூட்டினால் மின்னல் வெள்ளையாகவும் மேகம் நீலம் கலந்தும் வரும். வீடியோவில் வரிகள் ஓடினால் எல்இடி விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் வரி போய்விடும்.

போன் கொதிக்கிறது, கேமரா தானாக மூடுகிறது

பல போன்கள் 35 டிகிரிவரையிலான சூழலுக்கென்று செய்யப்பட்டவை. மதுரையின் மே மாதத்தில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். மேலுறையைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், மொபைல் டேட்டாவை அணையுங்கள், 4கேயிலிருந்து எச்டிக்கு இறங்குங்கள். சார்ஜ் ஏற்றிக்கொண்டே வீடியோ எடுப்பது சூட்டை இரட்டிப்பாக்கும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள், உள்ளே நீர் கோத்துவிடும். மின்விசிறிக் காற்று போதும். பின்பக்கம் லேசாக உப்பியிருந்தாலோ திரை ஓரத்தில் விலகியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. அப்போது சோதனை எதுவும் வேண்டாம். அணைத்துவிட்டு நேராகப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

வெளியே கொட்டுகிறது, ரேடாரில் ஒன்றுமில்லை

செங்கல் சூளை நண்பரின் குறை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இவருக்கு இது பொழுதுபோக்கு இல்லை, இரண்டு நாள் கூலி.

முதல் சோதனை, படத்தின் நேரம். வானிலை ஆய்வு மையத்தின் ரேடார் படங்களிலும் செயற்கைக்கோள் படங்களிலும் உலகப் பொது நேரம் அச்சாகியிருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். 1130 என்று இருந்தால் அது மாலை 5 மணிப் படம். நண்பர் அன்று பார்த்துக்கொண்டிருந்த படத்தில் 0930 என்று இருந்தது. அதாவது மாலை 3 மணி. அவர் அழைத்தது ஐந்தே காலுக்கு. போன் பழைய படத்தையே சேமித்து வைத்துக் காட்டியிருக்கிறது. பக்கத்தை இழுத்துப் புதுப்பிக்க வேண்டும். அப்படியும் மாறாவிட்டால் உலாவியின் சேமிப்பை அழிக்க வேண்டும்.

இரண்டாவது, எந்த ரேடார்? மதுரையைப் பார்க்கக்கூடிய ரேடார்கள் காரைக்கால், கொச்சி, திருவனந்தபுரம். மூன்றுமே நமக்குச் சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. அவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் ரேடாரின் கற்றை தரையிலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. அதற்குக் கீழே நடப்பது அதன் கண்ணில் படாது. கேரளத்து ரேடார்களுக்கும் நமக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை வேறு நிற்கிறது. ஆகவே மதுரைக்கு மேல் ரேடார் காலியாக இருப்பதால் மழை இல்லை என்று ஆகிவிடாது. மேலூர், சிவகங்கைப் பக்கத்துக்குக் காரைக்காலைப் பாருங்கள். தேனி, உசிலம்பட்டிப் பக்கத்துக்கு மற்ற இரண்டையும் பாருங்கள். ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கும்.

மூன்றாவது, மின்னல். புனேவில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி, நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டரில் மின்னல் விழுகிறதா என்று காட்டும். ரேடார் காலி, தாமினியில் புள்ளிகள் இருக்கின்றன என்றால் தாமினியை நம்பித் தார்ப்பாயை இழுங்கள்.

நான்காவது, மலை. எங்கள் மாடியிலிருந்து நாகமலை ஐந்தாறு கிலோமீட்டர், யானைமலை பத்துக்கு மேல். மழைத்திரை வரும்போது மலையின் விளிம்பு முதலில் கரையும், பிறகு முழு மலையும் மறையும். நாகமலை மறைந்துவிட்டால் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் துளி விழும் என்று வைத்துக்கொள்ளலாம். எந்த ஊரிலிருந்தாலும் இப்படி இரண்டு மலைகளையோ, இரண்டு கோபுரங்களையோ, செல்போன் கோபுரங்களையோ குறித்து வைத்து, தூரத்தை வரைபடத்தில் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். இதற்கு இணையம் வேண்டாம்.

ரேடாரில் சிவப்பு, வெளியே வெயில்

மறுபடியும் நேரத்தைப் பாருங்கள். ரேடார் ஒரு சுற்றுச் சுற்றி, படம் உருவாகி, இணையத்தில் ஏறும்போது கால் மணி நேரம்வரை பழையதாகிவிடலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் மேகம் அதற்குள் ஏழெட்டு கிலோமீட்டர் போயிருக்கும். கடைசி மூன்று படங்களை வரிசையாக வைத்து, சிவப்பு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, அதே அளவை முன்னோக்கித் தள்ளிக் கணக்கிடுங்கள்.

அது சரியாக இருந்தால் அடுத்த கேள்வி: நீங்கள் பார்ப்பது ரேடார்தானா? 'விண்டி' போன்ற செயலிகளைத் திறந்ததும் அழகாக நகரும் வண்ணங்கள் பெரும்பாலும் கணினி முன்கணிப்பு. கண்ணால் கண்டது ஆகாது. நல்ல முன்கணிப்பு மாதிரி ஒன்றுக்கும் ஒரு கட்டத்தின் அகலம் ஒன்பது கிலோமீட்டர். கோடை இடிமழையின் ஒரு மேகம் முழுவதும் அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். நாளைக்கு மழை வாய்ப்பு உண்டா என்று பார்க்க அது உதவும். இன்னும் இருபது நிமிடத்தில் என் தெருவில் பெய்யுமா என்று அதைக் கேட்க முடியாது.

செயற்கைக்கோள் படத்தில் மதுரை முழுக்க வெள்ளை, ஒரு துளி இல்லை

அது இடிமேகத்தின் தலை. பதினைந்து கிலோமீட்டர் உயரம்வரை வளரும் மேகம் உச்சியில் தட்டையாக விரிந்து, மேல்காற்றில் பறந்து போகும். ஜூன் முதல் செப்டம்பர்வரை நம் தலைக்கு மேலே மிக உயரத்தில் கிழக்குக் காற்று வீசுகிறது. கீழே மேற்குக் காற்று. மழை ஒரு பக்கம் நகர, தலை மறுபக்கம் பறக்கும். சிவகங்கையில் பெய்யும் மழையின் தலை மதுரையை மூடியிருக்கும். வெள்ளைப் பரப்பின் நடுவை விட்டுவிட்டு, அதன் விளிம்பு எங்கே கூர்மையாகக் கத்தரித்ததுபோல் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மழை அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

எச்சரிக்கை வந்தது, மழை வரவில்லை. மழை வந்தது, எச்சரிக்கை வரவில்லை

வானிலை மையத்தின் உடனடி முன்னறிவிப்பு மூன்று மணி நேரத்துக்கு உரியது. பெரும்பாலும் மாவட்ட அளவில் சொல்லப்படுவது. மேலூரில் பெய்தாலும் மதுரை மாவட்டம், பேரையூரில் பெய்தாலும் மதுரை மாவட்டம். இரண்டுக்கும் நடுவே அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. எச்சரிக்கை வந்ததும் தாமினியையும் வானத்தையும் பார்க்கத் தொடங்க வேண்டும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கையே வரவில்லையென்றால் போன் அமைப்புகளில் மூன்றைப் பாருங்கள். செயலிக்கு அறிவிப்பு அனுமதி இருக்கிறதா? இருப்பிட அனுமதி 'எப்போதும்' என்று இருக்கிறதா? பேட்டரி சேமிப்பு அந்தச் செயலியைத் தூங்க வைத்திருக்கிறதா? மூன்றாவதுதான் பெரும்பாலும் காரணம். வானிலை மையத்தின் 'மௌசம்', 'தாமினி', தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' மூன்றையும் பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து விடுவியுங்கள். 2024 அக்டோபர் 25 அன்று நகரில் சிறிது நேரத்தில் கொட்டித் தீர்த்து, செல்லூர்ப் பக்கம் தெருக்கள் மூழ்கின. அன்று மாலை என்னிடம் வந்த நான்கு போன்களில் மூன்றில் செயலி உறக்கத்தில் இருந்தது.

வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் செயலியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077-இல் அழையுங்கள். மின்கம்பி அறுந்து கிடந்தால் அருகில் போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். படம் எடுக்கக்கூட அருகில் போக வேண்டாம்.

புயலின் வேகம் ஆளுக்கொரு எண்

இந்திய வானிலை மையம் மூன்று நிமிடக் காற்றின் சராசரியைச் சொல்கிறது. அமெரிக்கக் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் ஒரு நிமிடச் சராசரி. அதனால் அமெரிக்க எண் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். இரண்டையும் கலக்காமல் ஒன்றையே தொடருங்கள். கடற்கரையைக் கடந்துவிட்டால் முடிந்தது என்று செயலியை மூடிவிடவும் வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், திண்டுக்கல், கொடைக்கானல்வரை வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுத்தான் போனது.

திசைகாட்டி மேற்கைக் கிழக்கு என்கிறது

காந்தம் வைத்த மேலுறை, கார் டாஷ்போர்டின் காந்தப் பிடி, மாடிக் கைப்பிடியின் இரும்புக் குழாய் ஆகியவற்றிலிருந்து விலகி நின்று, போனைக் காற்றில் எட்டுப் போடுவதுபோல் சில முறை சுழற்றுங்கள். சரியாகிவிட்டதா என்று பார்க்க, சூரியன் மறையும் திசையோடு ஒப்பிட்டால் போதும்.

பாரோமீட்டர் இறங்குகிறது, புயலா?

சில போன்களில் காற்றழுத்தம் அளக்கும் சென்சார் உண்டு. நம் பகுதியில் காற்றழுத்தம் ஒவ்வொரு நாளும் காலை பத்து மணி வாக்கில் உச்சம் தொட்டு, மாலை நான்கு வாக்கில் மூன்று நான்கு மில்லிபார் இறங்கும். இது வானத்தின் அன்றாட மூச்சு. பயப்பட எதுவும் இல்லை. செய்தியில் சொல்லும் எண்ணைவிட உங்கள் போன் பத்துப் பன்னிரண்டு மில்லிபார் குறைத்துக் காட்டினாலும் பழுதில்லை. செய்தியில் வருவது கடல் மட்டக் கணக்கு, மதுரையோ கடல் மட்டத்திலிருந்து சுமார் நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கவனிக்க வேண்டியது வேறொன்று: மாலையில் இறங்கிக்கொண்டிருந்த அழுத்தம் சில நிமிடத்தில் சட்டென்று ஏறினால் இடிமேகத்தின் குளிர்காற்று உங்களை எட்டிவிட்டது. அதே நேரம் வேப்பமரம் திசை மாறி ஆடும், புழுதி வாசமும் வரும்.

படத்தின் தேதியும் மழையளவின் தேதியும் ஒத்துவரவில்லை

வானிலை மையத்தின் மழை நாள் காலை 8.30-க்கு முடிகிறது. 12-ஆம் தேதி மாலை நீங்கள் படமெடுத்த மழை, 13-ஆம் தேதி காலைக் கணக்கில் வரும். படத்தின் தேதியை மாற்றி எழுதாதீர்கள். குறிப்பில் இரண்டையும் எழுதி வையுங்கள்.

போன் நனைந்துவிட்டது

உடனே அணையுங்கள். இயங்குகிறதா என்று பார்க்கவே வேண்டாம். உறையைக் கழற்றி, சிம் தட்டை வெளியே எடுத்து, சார்ஜர் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். பிறகு மின்விசிறிக்கு எதிரே ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். அரிசி டப்பாவில் புதைப்பதால் பயனில்லை. தூளும் மாவும் துளையில் ஏறுவதுதான் மிச்சம். முடி உலர்த்தும் கருவியும் ஆகாது, சூடு ஒட்டுப்பசையை இளக்கிவிடும்.

நீர் புகாது என்பதைக் குறிக்கும் ஐபி68 பெட்டியில் எழுதியிருந்தாலும் அது புதுப் போனுக்கு, நல்ல தண்ணீருக்குச் சொன்னது. ஒருமுறை கீழே விழுந்து ஓரம் நசுங்கிய போனுக்கு அதை நம்ப முடியாது. நீரால் வந்த பழுதை உத்தரவாதத்தில் சேர்க்காத நிறுவனங்களே அதிகம்.

ஒரு நாள் கழித்து இயக்கிப் பாருங்கள். சார்ஜர் துளையில் ஈரம் இருப்பதாகச் செய்தி வந்தால் இன்னும் ஒரு நாள். திரையில் கறை பரவினாலோ, கேமராவின் உட்பக்கம் பனித்துளி தெரிந்தாலோ, பேசும்போது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தாலோ, அன்றைக்கே திறந்து சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்துவிடும். கொடுக்கும்போது மழையில் நனைந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் படங்களை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டுக் கொடுங்கள்.